விட்டுக்குடு ராசா

என்ர மகன் விளையாடினது ஃபுட்போல் எண்டு சொன்னா எல்லாரும், "ஆ, கோல் அடிப்பாரோ?" எண்டு கேப்பினம். அதில்லை, இது அமெரிக்கன் ஃபுட்போல் எண்டா முகம் மாறும். லண்டனிலை ஆர் அதை விளையாடுறது எண்டு ஒரு நக்கல் சிரிப்பு வரும். நானும் முதல் அப்பிடித்தான் சிரிச்சனான். தலையிலை ஹெல்மெட்டும் தோளிலை கவசமுமாப் பெடியள் ஒருத்தரை ஒருத்தர் முட்டி விழுத்துறதை அவன்ர போனிலை பாத்திட்டு, "உதென்ன கூத்தடா, இதுக்கோ உன்னை யூனிவேர்சிற்றிக்கு அனுப்பினனாங்கள்?" எண்டு கத்தினனான். என்ர மனுசன் மட்டும் சொன்னார், "கத்தாதை. பெடியன் இப்பதான் ஒண்டுக்கு ஆசைப்படுறான்." அவர் வாய் திறக்கிறது குறைவு. திறந்தா சரியாத்தான் சொல்லுவார், அதுதான் எனக்குக் கோவம் வாறது.

அந்த விளையாட்டிலை குவாட்டர்பேக் எண்டு ஒருத்தன். ஒவ்வொருமுறையும் பந்து முதல்லை அவன்ர கைக்குத்தான் வரும். ஆருக்கு எறியிறது, ஆற்றை கையிலை குடுத்து ஓட விடுறது எண்டு இரண்டு மூண்டு செக்கனுக்கை அவன் முடிவெடுக்க வேணும். அதுக்கு முதல் மற்றப் பத்துப் பேரையும் வட்டமாக் கூட்டி வைச்சு, இப்ப என்ன செய்யப்போறம் எண்டு அவன்தான் சத்தமாச் சொல்ல வேணும். அந்த இடத்துக்கு ஒரு நேரத்திலை ஒருத்தன்தான். இரண்டாவது ஆள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கரையிலை நிக்க வேண்டியதுதான்.

சத்தமாச் சொல்ல வேணும். என்ர பிள்ளைக்கு அதுதான் ஏலாத காரியம் எண்டு நான் இவ்வளவு வருசமா நினைச்சிருந்தன். சின்னனிலை இருந்தே அவன் திக்கிக் கதைக்கிறவன். பள்ளிக்கூடத்திலை அதுக்கெண்டு ஒரு ரீச்சர் வந்து பயிற்சி குடுத்தவா. கொஞ்சம் குறைஞ்சது, போகேல்லை. போன் அடிச்சா எடுக்கமாட்டான். கடைக்குப் போனா அவனுக்கு வேண்டியதை நான்தான் கேப்பன். ஒரு சொல்லிலை அவன் மாட்டுப்பட்டு நிக்க, எனக்குப் பொறுக்காது, அந்தச் சொல்லை நானே சொல்லி முடிச்சு விடுவன். நல்லதுதானே செய்யிறன் எண்டு நினைச்சனான்.

முதலாம் வருசத்திலை ஒருநாள் பல்லுக்குப் போடுற ரப்பரை வீட்டிலை மறந்துபோட்டுப் போட்டான். அது இல்லாட்டி விளையாட விடமாட்டினம். கெயார் ஹோமிலை என்ர ஷிப்ட் முடிஞ்ச கையோடை அதைக் கொண்டு ஓடினன். மைதானம் எண்டா பெரிசா நினைக்காதையுங்கோ. றக்பி விளையாடுற சேத்து நிலத்திலை புதுசா வெள்ளைக்கோடு போட்டிருந்தினம், அவ்வளவுதான். காரை விட்டு இறங்கப் போறன், ஒரு குரல் கேக்குது. எழுத்தும் நம்பருமாக் கலந்து, என்னவோ நீட்டுக்குக் கடகடவெண்டு ஆரோ சொல்லுறான். பாத்தா என்ர பிள்ளை. ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. பத்துப் பேர் குனிஞ்சு நிண்டு அவன் சொல்லுறதைக் கேக்கிறாங்கள். மாதாவே! நான் அப்பிடியே காருக்குள்ளை இருந்து அழுதன். ஒரு பத்து நிமிசத்துக்குப் பிறகுதான் ரப்பரைக் கொண்டுபோய்க் குடுத்தன். "ஏனம்மா கண் சிவந்திருக்கு?" எண்டு கேட்டான். "வெங்காயம்" எண்டன். கெயார் ஹோமிலை நான் குசினிப் பக்கமே போறதில்லை, அது அவனுக்கும் தெரியும்.

அதுக்குப் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லு குறைவாச் சொல்ல நான் ஆரையும் விட்டதில்லை. தெற்கு லண்டன் சட்டனிலை எங்கட வீட்டுப் பின்வளவிலை அவன் எறிய, குசினியிலை சூட்டுச்சட்டி தூக்கிற கையுறையைப் போட்டுக்கொண்டு நான் பிடிப்பன். கோச் குடுத்த, ஆட்டத் திட்டம் எழுதின கொப்பியை நான் கையிலை வைச்சுக்கொண்டு கேள்வி கேப்பன், அவன் பதில் சொல்லுவான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துச் சிரிப்பார். சிரிக்கட்டுமே.

இரண்டாம் வருசம் தொடங்க, பழைய குவாட்டர்பேக் படிப்பு முடிச்சுப் போட்டான். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தன் என்ர மகன். மற்றவன் என்ர ஞானப்பிள்ளை.

ஓம், என்ர ஞானப்பிள்ளைதான். அவன்ர தாயும் நானும் லண்டனுக்கு வந்த புதிசிலை பிளேஸ்டோவிலை ஒரே வீட்டிலை இருந்தனாங்கள், மேல் அறை எங்களுக்கு, கீழ் அறை அவைக்கு. அவா மன்னார், நான் யாழ்ப்பாணம். என்னிலும் மூண்டு வயசு மூப்பு, அக்கா எண்டுதான் கூப்பிடுவன். அவாக்குப் பெடியன் பிறந்து ஞானஸ்நானம் குடுக்கேக்கை, தொட்டியடியிலை ஞானத்தாயாப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். அடுத்த வருசம் எனக்குப் பிறந்தான். பிறகு இரண்டு குடும்பமும் சட்டனுக்கு வந்து, பெடியள் இரண்டும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பூசை, கடைசியிலை ஒரே யூனிவேர்சிற்றி. ஞானப்பிள்ளை இடையிலை ஒரு வருசம் வேலைக்குப் போனபடியால் வகுப்பும் ஒண்டாப் போச்சு. அவனை அந்த விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதே என்ர மகன்தான். "வா, நல்லா இருக்கும்" எண்டு கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவன்.

கோச் சொல்லிப்போட்டார்: மூண்டு கிழமை இரண்டு பேரையும் மாறி மாறி விளையாட விட்டுப் பாப்பன், கடைசிப் புதன்கிழமைப் பயிற்சி முடிய ஆள் ஆர் எண்டு சொல்லுவன். வீட்டிலை சாப்பாடு இறங்கேல்லை. எனக்குத்தான், அவனுக்கில்லை. "ஆரடா கெட்டிக்காரன்?" எண்டு கேட்டன். யோசிச்சுச் சொன்னான்: "அவனுக்குக் கை பலம், அம்மா. எனக்குப் பா... பார்வை." உது என்ன பதில் எண்டு எனக்கு ஏறேல்லை. அடுத்த நாள் ஒருத்தருக்கும் சொல்லாமல் போய், மைதானத்துக்கு வெளியிலை காரை விட்டிட்டுப் பாத்தன். ஞானப்பிள்ளை எறிஞ்சான். பந்து போகுது, போகுது, அந்தத் தலைப்பிலை ஓடுறவன்ர நெஞ்சிலை போய் விழுந்தது. பிறகு என்ர மகன் எறிஞ்சான். அது பாதித் தூரமும் போகேல்லை. முடிஞ்சுது, என்ர பிள்ளை தோத்துப்போனான் எண்டு அந்த இடத்திலையே முடிவு கட்டிப்போட்டன்.

எங்கட தமிழ்ப் பூசை ஆக்களுக்கை ஒரு பழக்கம் இருக்கு. இரண்டு பேர் ஒண்டுக்கு நிண்டா போட்டி வைக்கமாட்டம். ஒருத்தரைத் தனியக் கூப்பிட்டு, "நீங்கள் இந்தமுறை விட்டுக்குடுங்கோ" எண்டு சொல்லுவம். ஆர் வாசகம் வாசிக்கிறது, ஆர் மாதாவுக்கு மாலை போடுறது, எல்லாம் அப்பிடித்தான். சண்டை சத்தம் இல்லை. அந்தத் தனியக் கூப்பிட்டுச் சொல்லுற வேலை எப்பவும் என்ர தலையிலைதான். எனக்கு நாக்கிலை தேன் எண்டு சொல்லுவினம். முதுகுக்குப் பின்னாலை வேறையும் சொல்லுவினம், எனக்குத் தெரியாதோ! இந்த இரண்டு பெடியளுக்கும் ஒன்பது பத்து வயசிலை, கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்திலை இரண்டு பேரும் சூசையப்பராத்தான் வருவம் எண்டு நிண்டாங்கள். ஞானப்பிள்ளையைக் கூப்பிட்டு, "விட்டுக்குடு ராசா" எண்டன். "ஓம் சின்னம்மா" எண்டு போய், ஆட்டுக்குட்டித் தோலைப் போட்டுக்கொண்டு தவண்டான். என்ர மகன் சூசையப்பரா வந்து ஒரு வசனமும் பேசாமல் நிண்டான். நான்தான் அந்த வசனத்தை வெட்டிவிட்டனான், பிள்ளை திக்கக்கூடாது எண்டு.

அந்தக் கடைசிப் புதனுக்கு முதல் நாள் பின்னேரம் ஞானப்பிள்ளை வீட்டுக்கு வந்தான். என்ன சோதனை எண்டாலும், கார் ஓடுற ரெஸ்ற் எண்டாலும், முதல் நாள் வந்து என்னட்டை நெத்தியிலை சிலுவை வாங்கிக்கொண்டு போறது அவன்ர வழக்கம். தாய்தான் அனுப்பி வைப்பா. என்ர மகன் படிக்கப் போட்டான், வீட்டிலை இல்லை. ஆறடிக்கு மேலை வளந்தவன் எனக்கு முன்னாலை குனிஞ்சு நிண்டான். பெருவிரலாலை சிலுவை கீறினன். கீறின கையை எடுக்கேல்லை. அதுக்குள்ளை என்ர வாய் திறந்திட்டுது.

"ராசா, உனக்கு எல்லாம் வரும். உனக்கு வாய் இருக்கு, கை இருக்கு. அவனுக்கு இது ஒண்டுதான். அங்க மட்டும்தான் அவன் திக்காமல் கதைக்கிறான். நீ விட்டுக்குடு ராசா."

அவன் தன்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். எந்த நேரமும் இங்கிலிஷிலை கதைக்கிறவன், அப்ப தமிழிலை "ஓம் சின்னம்மா" எண்டான். நான் போட்டுக் குடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சான். கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போனான். நல்ல பிள்ளை எண்டு நினைச்சன். சத்தியமா, அதுக்கு மேலை ஒண்டும் நினைக்கேல்லை.

புதன் பின்னேரம் என்ர மகன் சேத்துச் சப்பாத்தோடை கம்பளத்திலை ஓடி வந்தான். "அம்மா, எனக்குத்தான்! கோச் எல்லாருக்கும் முன்னாலை என்ர பேரைச் சொன்னவர்!" ஒரு மூச்சிலை சொன்னான். கட்டிப் பிடிச்சன். பொய் சொல்ல மாட்டன், எனக்குச் சந்தோசம்தான். கணவாய்ப் பிரட்டல் செய்து வைச்சனான், வடிவாச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை சொன்னான், "அவனுக்கு என்னவோ நடந்திருக்கு. மூண்டு பந்து எதிர்ப்பக்கத்தான்ர கையிலை எறிஞ்சவன். அவன் அப்பிடி எறியிறவன் இல்லை, அம்மா." நான் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டன்.

முதல் ஆட்டத்துக்கு நான் பூசையை விட்டிட்டுப் போனன், ஞாயிறுகளிலைதான் விளையாடுவினம். என்ர மகன் நடுவிலை நிண்டு கட்டளை போடுறான். ஞானப்பிள்ளை தொப்பியோடை கரையிலை நிண்டு, கோச் சொல்லுறதைக் கையாலை சைகை காட்டி அவனுக்கு அனுப்புறான். என்னைக் கண்டு கையும் காட்டினான். பாத்தியா, ஒரு மனவருத்தமும் இல்லை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். இரண்டு கிழமையிலை அவன் அணியை விட்டு நிண்டிட்டான். படிப்பு கூடிப்போச்சாம்.

அதுக்கடுத்த சனிக்கிழமை முற்பகல். நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டிருக்க போன் அடிச்சது. அக்கா. கை ஈரமா இருந்தபடியால் முழங்கையாலை தட்டி ஸ்பீக்கரிலை போட்டன்.

"என்ர பிள்ளை அண்டைக்கு உன்னட்டை ஏன் வந்தவன், சொல்லு பாப்பம்?" குரல் வேறை மாதிரி இருந்தது.

"ஆசீர் வாங்க வந்தவன் அக்கா. ஏன்?"

"ஆசீர் வாங்கத்தானே அனுப்பினனான். நீ அவனட்டை இருந்ததைப் பறிச்சுப்போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒரு மாசமாப் பிள்ளை சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. நேற்றுத்தான் வாய் திறந்தவன். விட்டுக்குடு எண்டு கேட்டியாம். ஞானத்தாய் கேக்கிற கேள்வியோடி அது?"

திரும்பிப் பாத்தா, குசினி வாசலிலை என்ர மகன் நிக்கிறான். எவ்வளவு நேரமா நிண்டானோ தெரியாது. போனிலை அக்கா அழுகிறா, அதை நிப்பாட்டக்கூட எனக்குக் கை எழும்பேல்லை. அவன்தான் வந்து, "சொறி, பெரியம்மா" எண்டு சொல்லி நிப்பாட்டினான்.

பிறகு என்னைப் பாத்தான். வாய் திறந்தது, சொல்லு வரேல்லை. "நா... நான்..." கழுத்து நரம்பு புடைக்குது. எனக்குப் பழக்கதோசம், "நான் வேணுமெண்டு செய்யேல்லை ராசா" எண்டு தொடங்கிப்போட்டன். கையை உயத்தி என்னை மறிச்சான். "நான் சொல்லி முடிக்கிறன்." நான் வாயை மூடினன். எவ்வளவு நேரம் எடுத்தானோ, முழுக்க அவனே சொன்னான்.

"நான் வெ... வெல்லுவன் எண்டு நீங்கள் ந... நம்பேல்லை."

இல்லையடா எண்டு சொல்ல வேணும்போல இருந்தது. சொல்ல ஏலேல்லை, ஏனெண்டா அது உண்மை. காருக்குள்ளை இருந்து பாத்த அண்டைக்கே நான் அவனைத் தோத்தவன் எண்டு எழுதிப்போட்டன். ஊரார் ஆரும் அவனைக் குறைச்சு நினைச்சா வாயைக் கிழிச்சிருப்பன். குறைச்சு நினைச்சது நான்.

அவன் கோச்சிட்டைப் போய் எல்லாத்தையும் சொல்லி, திருப்பிப் போட்டி வையுங்கோ எண்டு கேட்டிருக்கிறான். அந்த மனுசன் சொன்னாராம், கடைசிப் புதனுக்கு முதலே உன்னைத்தான் எடுக்கிறது எண்டு நினைச்சிட்டன், மைதானத்தைப் படிக்கிறதிலை நீதான் கெட்டிக்காரன் எண்டு. இதை அவன் தகப்பனுக்குத்தான் சொன்னவன். அவர் எனக்குச் சொன்னார். ஒருத்தரும் கேக்காத ஒண்டைக் கேட்டு, அவன் வெண்ட வெற்றியையும் களவெடுத்த சாமான் ஆக்கிப்போட்டன். "கோச் ஆறுதலுக்குச் சொல்லுறார்" எண்டு நினைச்சு அவன் அதை நம்பேல்லையாம். எப்பிடி நம்புவான்?

ஞானப்பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கப் போனன். வீட்டுக்குப் போக முகமில்லை, ஸ்ரேஷனடி பஸ் தரிப்பிலை காத்து நிண்டு பிடிச்சன். "என்ர பிள்ளைக்காக நீ விட்டுக்குடுத்தாய், நான் அதைக் கேட்டிருக்கக்கூடாது" எண்டு சொல்லி முடிக்கமுதல் தலையை ஆட்டினான்.

"நான் விட்டுக்குடுக்கேல்லை, சின்னம்மா. உங்களுக்கு ஓம் எண்டு சொன்னது பொய். வெல்லத்தான் போனனான். பந்தைக் கையிலை எடுத்தா உங்கட முகம் வந்து நிண்டுது. பந்து எங்கையோ போச்சு." பிறகு இங்கிலிஷிலை, தான் ஒண்டும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை எண்டு சொல்லிச் சிரிக்கப் பாத்தான். அந்தச் சிரிப்புக்குப் பதிலா அவன் என்னைத் திட்டியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிப் போட்டான். திரும்பி விளையாட வரவே இல்லை. அக்கா இப்ப ரெய்னர்ஸ் லேன் பக்கத்துத் தமிழ்ப் பூசைக்குப் போறாவாம். சட்டனிலை இருந்து அது எவ்வளவு தூரம்!

என்ர மகன் அந்த வருசம் முழுக்க விளையாடினான். அணியை நடுவிலை விடேலாது எண்டான். எனக்கு ஒண்டே ஒண்டு சொன்னான்: "நீங்கள் பாக்க வரவேண்டாம்." சண்டையும் பிடிக்கேல்லை, கதையையும் நிப்பாட்டேல்லை. உப்புக் காணுமோ எண்டு கேட்டா காணும் எண்டுவான். அவ்வளவுதான்.

மார்ச் மாசம் கடைசி ஆட்டம். தகப்பன் அவனைக் காரிலை ஏத்திக்கொண்டு போனார். நான் பூசைக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி மைதானத்துக்குப் போனன். எங்கட பக்கம் போகேலாது. ஜக்கெட் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, எதிரணிப் பெடியளின்ர தாய் தகப்பன் நிக்கிற கரையிலை போய் நிண்டன். மழைத் தூறல். எனக்குப் பக்கத்திலை ஒரு வெள்ளைக்கார மனுசி, தங்கட பெடியளுக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிண்டா.

கடைசி நிமிசம், எங்கட பெடியள் நாலு புள்ளி பின்னுக்கு. பந்து என்ர மகன்ர கைக்கு வந்தது. இடப்பக்கம் பாத்தான், எதிரணி முழுக்க இடப்பக்கம் ஓடினது. இரண்டு தடியன்கள் அவனை விழுத்த வாறாங்கள். எறியடா எண்டு எனக்கு உயிர் போகுது. அவன் எறியேல்லை, நிண்டான். அவங்கள் தொடுறதுக்கு ஒரு கணம் முன்னம், திரும்பிப் பாக்காமலே வலப்பக்கம் எறிஞ்சான். பெரிய எறிவு ஒண்டும் இல்லை, சின்னப் பந்து. அங்க எங்கட பெடியன் ஒருத்தன் தனிய நிண்டான், அவனைச் சுத்தி ஒரு குருவியும் இல்லை. பிடிச்சுக்கொண்டு கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி, வெண்டாச்சு.

பார்வை எண்டு அவன் அண்டைக்குச் சொன்னது இதைத்தான். அந்த இடத்துக்கு நடந்த போட்டியை அவன் வெண்டிருப்பான். நான் சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் என்ர பிள்ளை வெண்டிருப்பான். அவனைச் சேத்துக்குள்ளாலை தூக்கி எல்லாரும் தோளிலை வைச்சாங்கள். அந்தப் பக்கத்திலை என்ர மனுசன் குடையை விட்டிட்டு ஓடுறதும் தெரியுது. நான் இரண்டு கையாலையும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன்.

பக்கத்து மனுசி பெருமூச்சு விட்டா. "அந்தப் பெடியன் எங்களை முடிச்சுப்போட்டான். ஆனா சொல்லத்தான் வேணும், என்ன பிள்ளை! தாய்க்காரி அங்க எங்கையாவது நிண்டு துள்ளிக்கொண்டிருப்பா" எண்டா. பிறகு என்ர முகத்தைப் பாத்திட்டுப் பாவப்பட்டு, "உங்கட மகன் இதிலை எது?" எண்டு கேட்டா.

"எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை" எண்டன். "சும்மா இந்தப் பக்கம் நடந்து வந்தனான்."